டிரைவர் மாற்றிய பிறகு கறுப்புத் திரை, கர்சர் மட்டும் மின்னுகிறது (மின்ட் 22, ஜிடிஎக்ஸ் 1650)

தாமிரபரணி:

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் மின்ட் 22 சின்னமன், ரைசன் 5 3600, என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. ப்ராசஸரில் தனியாக கிராஃபிக்ஸ் கிடையாது, இந்தக் கார்டு ஒன்றுதான். கல்யாண வீடியோ எடிட்டிங்கும் கொஞ்சம் பிளெண்டரும் இதில்தான் செய்கிறேன்.

டிரைவர் மேனேஜர் கொடுத்த என்விடியா டிரைவர் 535-ஆம் பதிப்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. 550 போட்டால் ரெண்டர் வேகமாகும் என்று யாரோ சொல்ல, டிரைவர் மேனேஜரில் நோவோவுக்கு (என்விடியா கார்டுக்கான திறந்த மூல டிரைவர்) மாற்றிவிட்டு, என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை (என்விடியாவே தரும் தனி இன்ஸ்டாலர்) இறக்கி நிறுவினேன். டிகேஎம்எஸ் பற்றி ஏதோ கேட்டது, அதற்கு நோ. எக்ஸ் கான்ஃபிக் எழுதட்டுமா என்றது, அதற்கு யெஸ். நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் அப்டேட் மேனேஜரில் புது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்தது, போட்டு ரீபூட் செய்தேன். மின்ட் லோகோ வருகிறது, பிறகு கறுப்புத் திரை, இடது மேல் மூலையில் ஒரு கோடு மின்னுகிறது, அவ்வளவுதான். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறது, பாஸ்வேர்டும் ஏற்கிறது. அங்கிருந்தே ஆப்ட் (மின்ட்டின் நிறுவல் கருவி) மூலம் பழைய 535-ஐ மறுபடி நிறுவிப் பார்த்தேன், பிழை எதுவும் சொல்லாமல் முடிந்தது, ஆனால் ரீபூட் செய்தால் மறுபடி அதே கறுப்புதான்.

சனிக்கிழமைக்குள் ஒரு வீடியோ கொடுத்தாக வேண்டும். ஃபார்மட் அடித்துவிடலாமா? ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இல்லை என்பதால்தான் யோசிக்கிறேன்.


கர்னல்காரன்:

ஃபார்மட் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு ஏற்கிறது என்றால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும் படுத்துவிட்டது. மனசு கேட்காவிட்டால் ஒரு பென் டிரைவைச் செருகி அந்த வீடியோ புராஜெக்டை மட்டும் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துத் திரையிலிருந்தே மவுன்ட் செய்து எடுக்கலாம்.

முக்கியமாக, இனி எதையும் புதிதாக நிறுவாதீர்கள். திரை வராதபோது எல்லோரும் செய்வது இன்னொரு டிரைவரை அதன் தலையில் போடுவதுதான், அதனால்தான் சின்னப் பிரச்சினை பெரிதாகிறது. என்விடியா டிரைவர் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே தனித்தனியாகச் சில துண்டுகள் உண்டு. கர்னலுக்குள் ஏறும் மாட்யூல் ஒன்று. யூஎஸ்ஆர் லிப் ஃபோல்டருக்குள் உட்காரும், மற்ற புரோகிராம்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் இன்னொன்று. திரையில் படம் காட்டும் எக்ஸ் சர்வருக்கு எந்த டிரைவரைப் பயன்படுத்து என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு மூன்றாவது, நீங்கள் யெஸ் சொன்னீர்களே அது. மாட்யூல் ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். டிகேஎம்எஸ் என்பது புது கர்னல் வரும்போதெல்லாம் அதைத் தானாகச் செய்து தரும் ஏற்பாடு. அதற்கு நோ சொன்னதால் ரன் கோப்பு கட்டிய மாட்யூல் பழைய கர்னலோடு நின்றுவிட்டது, புது கர்னலில் அது இல்லை. முதல் கறுப்புத் திரைக்குக் காரணம் இது என்பது என் ஊகம். இப்போது இருப்பது வேறாக இருக்கலாம், நடுவில் 535 வேறு போட்டிருக்கிறீர்கள்.

எழுத்துத் திரையில் இவற்றை ஓட்டி, போனில் படம் எடுத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்: யுநேம் மைனஸ் ஆர், எல்எஸ்பிசிஐ மைனஸ் கே (விஜிஏ என்ற வரிக்குக் கீழே இருப்பது மட்டும் போதும்), டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ், என்விடியா-எஸ்எம்ஐ. பிராக் கோப்புறைக்குள் டிரைவர், அதற்குள் என்விடியா, அதற்குள் வெர்ஷன் என்று ஒரு கோப்பு இருந்தால் அதை கேட் என்ற கட்டளையால் திறந்து பாருங்கள். கர்னல் லாகில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகளும் வேண்டும்.

பழைய கர்னலிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தக் கர்னலில் பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவை மின்ட் மறைத்து வைத்திருக்கும். யுஇஎஃப்ஐ மெஷின் என்றால் மதர்போர்டு லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரே ஒருமுறை தட்டுங்கள், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் கிரப் என்று மொட்டையாக ஒரு வரியில் போய் நிற்கும். பயப்பட வேண்டாம், நார்மல் என்று தட்டி என்டர் கொடுத்த கையோடு எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் மெனு வந்துவிடும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே பழைய கர்னல் இருக்கும்.


தாமிரபரணி:

நன்றி அண்ணா. பழைய கர்னலிலும் (6.8.0-41) அதே கறுப்புதான். புதியது 6.8.0-45. மற்றவை:

எல்எஸ்பிசிஐயில் "கர்னல் டிரைவர் இன் யூஸ்: என்விடியா" என்று இருக்கிறது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் 535.183.01 என்று -41, -45 இரண்டுக்கும் இன்ஸ்டால்டு என்கிறது. பிராக் வெர்ஷன் கோப்பிலும் 535.183.01. ஆனால் என்விடியா-எஸ்எம்ஐ மட்டும் "டிரைவர் / லைப்ரரி வெர்ஷன் மிஸ்மாட்ச்" என்று சொல்லி, அடுத்த வரியில் "என்விஎம்எல் லைப்ரரி வெர்ஷன்: 550.120" என்று காட்டுகிறது. கர்னல் லாகில் என்விஆர்எம் ஏபிஐ மிஸ்மாட்ச் என்று வரிசையாகப் போகிறது, கிளையன்ட் 550.120, கர்னல் மாட்யூல் 535.183.01 என்று.

மாட்யூல் ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம், பிறகு ஏன் திரை வரவில்லை?


கர்னல்காரன்:

அந்த இரண்டு எண்களிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. கர்னலுக்குள் ஏறியது 535. மேலே இருக்கும் லைப்ரரிகள் 550. என்விடியாவில் இரண்டும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று பேச மறுத்துவிடும். எக்ஸ் சர்வர் தொடங்கும்போது லைப்ரரி மாட்யூலைக் கூப்பிடுகிறது, எண் ஒத்துப்போகவில்லை, எக்ஸ் செத்துவிடுகிறது, லாகின் திரை வர இடமே இல்லை.

எப்படி ஆனது என்றால், ஆப்ட் 535-ஐ முழுசாகத்தான் போட்டது, லைப்ரரிகளையும் சேர்த்து. ஆனால் ரன் கோப்பு போட்ட 550 லைப்ரரிகளும் அதே ஃபோல்டரில் இருக்கின்றன. அவை ஆப்ட் கணக்கில் கிடையாது, அதனால் ஆப்ட் அவற்றைத் தொடவில்லை. ஒரே பெயரில் இரண்டு பதிப்பு கிடந்தால் எந்த லைப்ரரி என்று முடிவு செய்யும் எல்டிகான்ஃபிக் பெரிய எண்ணைத்தான் எடுக்கும், அதாவது 550. கர்னல் பக்கம் கதை தலைகீழ். டிகேஎம்எஸ் கட்டும் மாட்யூல் அப்டேட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போகும், அந்த ஃபோல்டருக்கு முன்னுரிமை உண்டு, ஆக அங்கே 535 ஜெயிக்கிறது. -41க்கும் 535 கட்டிவிட்டதால்தான் பழைய கர்னலும் கைகொடுக்கவில்லை.

இனி சரிசெய்வது. இரண்டையும் முழுசாக எடுத்துவிட்டு, நோவோவில் டெஸ்க்டாப் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் புதிதாகப் போட வேண்டும். நடுவில் அந்த நோவோ நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே டெஸ்க்டாப் வந்துவிட்டால் மற்ற எல்லாம் சரி என்று தெரிந்துவிடும்.

முதலில் ரன் கோப்பு போட்டதை அதைக் கொண்டே கழற்றுங்கள். சுடோவோடு (அட்மின் உரிமையோடு) என்விடியா-அன்இன்ஸ்டால் என்று கொடுத்தால் போதும். எக்ஸ் கான்ஃபிக் பழையதைத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்கும், யெஸ். அடுத்து ஆப்ட் பர்ஜ், அதாவது கான்ஃபிக்கோடு சேர்த்து முழுசாக நீக்குவது. என்விடியா என்று தொடங்குபவை ஒன்று, லிப்என்விடியா என்று தொடங்குபவை இன்னொன்று, இரண்டு பேட்டர்னையும் ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். யெஸ் அழுத்துவதற்கு முன் நீக்கப்போகும் பட்டியலைக் கண்டிப்பாகப் படியுங்கள், அதில் சின்னமன், எக்ஸ்சர்வர் என்று ஏதாவது கண்ணில் பட்டால் நோ சொல்லி இங்கே வந்து கேளுங்கள்.

பிறகு இடிசி எக்ஸ்11 ஃபோல்டரில் எக்ஸ்ஓஆர்ஜி டாட் கான்ஃப் இன்னும் இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டாம். இடிசி மாட்ப்ரோப் டி ஃபோல்டரில் நோவோவைத் தடுக்கும் ஒரு கோப்பை ரன் இன்ஸ்டாலர் எழுதியிருக்கும், பெயரிலேயே டிஸேபிள் நோவோ என்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கடைசியாக அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யு. இதை மறந்தால் முன்பு செய்தது பலிக்காது, ஏனென்றால் அந்தத் தடையின் ஒரு நகல், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்பின் உள்ளேயும் இருக்கும். ரீபூட்.


நீலத்திரை வெறுப்பு:

நான் இருந்தால் இந்நேரம் ஃபார்மட் அடித்து எல்லாம் நிறுவியும் முடித்திருப்பேன். ஹோமை பென் டிரைவில் எடுத்தால் ஆயிற்று. டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் பழைய நிலையின் நகல்) வைத்திருந்தால் அதுகூட வேண்டாம், எழுத்துத் திரையிலேயே சுடோ டைம்ஷிஃப்ட் மைனஸ் மைனஸ் ரிஸ்டோர் என்று கொடுத்து, டிரைவர் மாற்றுவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்தால் ரன் கோப்பின் குப்பையும் சேர்ந்து போய்விடும். ஹோமை அது தொடாது. மின்ட்டில் முதல் நாளே வெல்கம் ஸ்கிரீன் அதை அமைக்கச் சொல்கிறது, யாரும் செய்வதில்லை.

இன்னொன்று, அடுத்த முறை ஏஎம்டி கார்டு வாங்குங்கள். அதன் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, இந்தத் தலைவலி கிடையாது. 2012-ல் ஃபின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது சும்மாவா.


கர்னல்காரன்:

டைம்ஷிஃப்ட் பற்றிச் சொன்னது நூறு சதவீதம் சரி, அது இருந்தால் நானும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஃபார்மட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவ அரை மணி நேரம்தான், ஆனால் எடிட்டிங் ஆள் ஒருவர் ஃபான்ட், பிளக்இன், கலர் புரொஃபைல், பிரின்டர் எல்லாம் பழையபடி கொண்டுவர இரண்டு நாள் ஆகும்.

டோர்வால்ட்ஸ் கதை பழசு. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூலின் மூலத்தை வெளியிட்டுவிட்டது, ட்யூரிங் என்ற கார்டு வரிசை முதல் அதில் ஓடும், இவருடைய 1650-உம் ட்யூரிங்தான். ஆனால் மேலே இருக்கும் லைப்ரரிகள் இன்னும் மூடியவைதான், பதிப்பு ஒத்துப்போக வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. திறந்த மாட்யூலாக இருந்தாலும் இவருக்கு இதே பிழைதான் வந்திருக்கும். ஏஎம்டி பற்றி, வெறும் டெஸ்க்டாப்புக்கு நீங்கள் சொல்வது சரி. பிளெண்டரில் என்விடியா கார்டின் ரெண்டர் வழிகளான கூடா, ஆப்டிக்ஸ் பழகியவரிடம் அதைச் சொல்வது அவ்வளவு எளிதில்லை.


பழைய மடிக்கணினி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. உபுண்டு 24.04, இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப். அடிஷனல் டிரைவர்ஸ் வழியாகத்தான் 535 போட்டேன், ரன் கோப்பு எதுவும் இல்லை. லேப்டாப் திரை நன்றாக வருகிறது, ஆனால் எச்டிஎம்ஐயில் செருகும் மானிட்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. என்விடியா-எஸ்எம்ஐ டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. மேலே சொன்னபடி பர்ஜ் செய்து மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன். நிறுவும்போது ஏதோ ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து தானாகப் போய்விட்டது.


கர்னல்காரன்:

உங்களுடையது வேறு வியாதி. சுடோ மாட்ப்ரோப் என்விடியா என்று கொடுத்துப் பாருங்கள், "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால் செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலை ஏறவிடாத பாதுகாப்பு) தடுக்கிறது என்று அர்த்தம். மோக்யூட்டில் என்ற கட்டளைக்கு மைனஸ் மைனஸ் எஸ்பி-ஸ்டேட் கொடுத்தால் அது எனேபிள்டு என்று உறுதியாகத் தெரியும். உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடு இணைந்திருக்கிறது போல, பல லேப்டாப்களில் அப்படித்தான், அதனால் அந்த மாட்யூல் ஏறாதவரை வெளி மானிட்டர் வராது. உள்திரையை இன்டெல் பார்த்துக்கொள்கிறது.

தானாகப் போன அந்த நீலத் திரைதான் விஷயமே. டிகேஎம்எஸ் கட்டிய மாட்யூலில் உங்கள் மெஷினிலேயே உருவான ஒரு சாவியால் கையெழுத்து போட்டிருக்கும். அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் அந்தத் திரையில் நேரடியாக ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பத்து விநாடிதான் காத்திருக்கும். விட்டுவிட்டால் அப்படியே பூட் ஆகிவிடும், கேட்டதற்கான தடயமே இருக்காது.

மறுபடி கேட்கவைக்க, மோக்யூட்டில் மைனஸ் மைனஸ் இம்போர்ட் என்று சுடோவோடு கொடுத்து, வார் லிப் ஷிம்-சைன்டு ஃபோல்டரில் மோக் என்பதற்குள் இருக்கும் மோக் டாட் டெர் கோப்பைக் காட்டுங்கள். ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். ரீபூட் செய்து, நீலத் திரையில் உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு என்று போங்கள். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், குறியீடு எதுவும் இல்லாத எளிய பாஸ்வேர்டாகக் கொடுத்தால் தொல்லையில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழிதான், வேறு எதற்கும் அது தேவையில்லை என்றால் தப்பில்லை.


தாமிரபரணி:

பாதி கிணறு தாண்டியாயிற்று! லாகின் வந்துவிட்டது, டெஸ்க்டாப்பும் வந்தது. ஆனால் திரை 1024க்கு 768-ல் பெரிது பெரிதாகத் தெரிகிறது, மூலையில் "சாஃப்ட்வேர் ரெண்டரிங் மோட்" என்று சின்னமன் எச்சரிக்கிறது, மவுஸை அசைத்தால் ப்ராசஸர் ஃபேன் கத்துகிறது. இப்படியே டிரைவர் மேனேஜரைத் திறந்து போட்டுவிடவா? பர்ஜ் பட்டியலில் நீங்கள் சொன்ன மாதிரி எதுவும் இல்லை, எல்லாம் என்விடியா சமாச்சாரம்தான்.


நீலத்திரை வெறுப்பு:

கொஞ்சம் பொறுங்கள். நோவோ ஏறவில்லை என்று அர்த்தம், கார்டைத் தொடாமல் ப்ராசஸரே படம் வரைந்துகொண்டிருக்கிறது. கிரப்பில் எப்போதாவது நோமோட்செட் (கார்டின் டிரைவர் திரையைக் கையில் எடுக்காமல் தடுக்கும் பூட் ஆப்ஷன்) என்று சேர்த்தீர்களா? இடிசி டிஃபால்ட் கிரப் கோப்பில் பாருங்கள், இருந்தால் எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் கொடுங்கள். அவசரத்துக்கு ஒரு பூட்டுக்குப் பயன்படுத்த வேண்டியதை நிரந்தரமாக எழுதிவைத்து மாதக்கணக்கில் இந்தத் திரையோடு குடும்பம் நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது இல்லை என்றால், அந்த டிஸேபிள் நோவோ கோப்பு இன்னொரு இடத்திலும் இருக்கும். ரன் இன்ஸ்டாலர் இடிசியில் மட்டும் எழுதாது, யூஎஸ்ஆர் லிப் மாட்ப்ரோப் டி ஃபோல்டரிலும் அதே பெயரில் ஒன்று எழுதும். மாட்ப்ரோப் மைனஸ் சி கொடுத்து நோவோ என்று கிரெப் செய்தால் பிளாக்லிஸ்ட் வரி இன்னும் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.


கர்னல்காரன்:

ஆமாம், அந்த இரண்டாவது இடத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். எடுத்தபின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மறுபடி ஓட்ட வேண்டும், தாமிரபரணி.


தாமிரபரணி:

நோமோட்செட் இல்லை. யூஎஸ்ஆர் லிப்பில் அந்தக் கோப்பு சமத்தாக உட்கார்ந்திருந்தது. எடுத்தேன், இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன், ரீபூட் செய்தேன், முழு ரெசல்யூஷனில் டெஸ்க்டாப் வந்தது, எல்எஸ்பிசிஐயில் நோவோ என்று இருந்தது. அதற்கப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், நான் எங்கெங்கோ தேடிய 550 வரிசை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது! அதையே போட்டேன். இப்போது பிராக் கோப்பிலும் என்விடியா-எஸ்எம்ஐயிலும் ஒரே எண். பிளெண்டர் சைக்கிள்ஸில் ஆப்டிக்ஸ் கார்டைக் காட்டுகிறது, வீடியோ ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. டைம்ஷிஃப்ட்டும் அமைத்துவிட்டேன்.

வேகத்தில் 535-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு கேள்வி. இனி கர்னல் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிடலாமா? கைவசம் வேலை இருக்கும்போது மறுபடி இப்படி ஆனால் தாங்காது.


கர்னல்காரன்:

நிறுத்த வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. இப்போது இருக்கும் 550 ஆப்ட் வழியாக வந்தது, டிகேஎம்எஸ்ஸில் பதிவாகியிருக்கிறது, புது கர்னல் வந்தால் தானே கட்டிக்கொள்ளும். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் நிறுவியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், ஹெடர்ஸ் இல்லாவிட்டால் கட்ட முடியாது. கர்னல் அப்டேட் முடிந்ததும், ரீபூட் செய்வதற்கு முன்பே, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுங்கள். புது கர்னல் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்டு என்று இருந்தால் தைரியமாக ரீபூட் செய்யலாம். இல்லை என்றால் வேலையை முடித்துவிட்டு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை இப்போது ஓடும் கர்னலிலேயே இருங்கள். பழைய கர்னல் ஒன்றையாவது அழிக்காமல் வையுங்கள். டெலிவரி இருக்கும் வாரத்தில் அப்டேட் மேனேஜரையே திறக்காமல் இருப்பது இன்னும் நல்லது.


பழைய மடிக்கணினி:

எனக்கும் வந்துவிட்டது. முதல் தடவை பத்து விநாடியை மறுபடி தவறவிட்டு, இரண்டாவது தடவை என்டர் விசையில் விரலை வைத்துக்கொண்டே ரீபூட் செய்தேன். மானிட்டர் இப்போது எச்டிஎம்ஐயில் தெரிகிறது. நன்றி.